பட்டும் படாமலும்

ஐம்பது வருஷப் பழசான ஒரு மக்காச்சோள விதைப்பு இயந்திரத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க இரண்டு விசிட்டிங் கார்டு போதும். விதைக் கம்பெனிக்காரரோ இன்ஷூரன்ஸ் ஏஜெண்டோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போன கார்டுகள் அமெரிக்காவின் அயோவாப் பண்ணை ஷெட்டுகளின் அலமாரியில் எப்படியும் கிடக்கும். மண்ணைக் கீறிச் சால் போடும் இரட்டை வட்டத் தகடுகளுக்கு நடுவே ஒரு கார்டை முன்னாலிருந்து நுழைத்து, அது முட்டி நிற்கும் இடம் வரை தள்ள வேண்டும். இன்னொன்றைப் பின்னாலிருந்து அதேபோலத் தள்ள வேண்டும். இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்ததும் இரு கார்டும் நின்றுவிடும். இடையில் உள்ள தூரத்தை டேப்பால் அளந்தால் ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் வர வேண்டும். அதற்குக் குறைந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தத் தகடுகள் புதிதாக இருக்கையில் 15 அங்குல விட்டம். முன்பக்கம் கீழே ஒட்டியும் பின்பக்கம் விரிந்தும் நிற்கும். இரண்டு விளிம்பும் சேரும் இடத்தில் மண் ஒரே கீறலாகப் பிளந்து, இருபுறமும் சரிந்து அடியில் கூராக முடியும் ஒரு சால் உண்டாகிறது. மேலிருந்து விழும் மணி சரிவில் எங்கே பட்டாலும் உருண்டு அந்த அடிக்கூருக்கே போய்ச் சேரும். மண்ணில் ஓடி ஓடித் தகடு தேய்ந்து விட்டம் குறையும்போது விளிம்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுகின்றன. அப்புறம் அது ஒரு சால் அல்ல. இரண்டு சின்னச் சால்களும் நடுவில் ஒரு மண் முகடும். மணி முகட்டில் உட்கார்ந்தால் ஓர் ஆழம், சரிந்து பள்ளத்தில் விழுந்தால் வேறோர் ஆழம். மேலே மண் மூடிய பிறகு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். பயிர் தலைகாட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

தேய்ந்த தகட்டை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. அதன் பேரிங்குக்கு உட்பக்கம் மெல்லிய வாஷர்கள் இருக்கின்றன. ஒன்றை உருவினால் அந்த வாஷரின் கனத்துக்குத் தகடு உள்ளே நகர்ந்து தன் ஜோடியைத் தொடும். உருவிய வாஷரை டப்பாவில் போடாமல் அதே போல்ட்டில் வெளிப்பக்கமாக மாட்டி வைத்துவிடுவார்கள். புதுத் தகடு போடும் வருஷம் அது மறுபடி உள்ளே போக வேண்டுமே. இந்தச் சிக்கனமான யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விட்டம் பதினாலரை அங்குலத்துக்கும் கீழே போய்விட்டால் வாஷர் வித்தை பலிக்காது, மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காக அளவுக்கு மேல் இறுக்கினாலும் கேடுதான். தகடுகள் ஒன்றையொன்று அறுத்துக்கொள்ளும். ஒன்றைக் கையால் சுற்றினால் மற்றது கூடவே லேசாகச் சுழல வேண்டும், விரலால் பிடித்தால் நிற்கவும் வேண்டும். பட்டும் படாமலும் என்கிறோமே, அந்தப் பக்குவம். பழைய பிளாண்டரை வசந்த விதைப்புக்குத் தயார் செய்கிற வேலை முழுக்க இந்த ஒரே பக்குவத்தைத் தேடி மூட்டு மூட்டாகப் போவதுதான்.

நான் சொல்லும் பிளாண்டர் ஜான் டீர் 7000. 1974-இல் அறிமுகமானது. மிசிசிப்பி ஆற்றங்கரையில், இல்லினாய் மாநிலத்து மோலின் நகரத்தில் அந்தக் கம்பெனியின் தலைமையகம் இருக்கிறது. 1877-லேயே ‘டீர் அண்டு மான்சூர்’ என்ற பெயரில் அங்கே மக்காச்சோள விதைப்புக் கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து வந்த 7000 அந்த வட்டாரத்தின் வழக்கத்தையே மாற்றியது. இன்றும் அயோவா, இல்லினாய், இந்தியானாவில் சிறு பண்ணைக்காரர்கள் பலர் இதையே ஓட்டுகிறார்கள். உதிரிபாகம் தட்டாமல் கிடைக்கிறது. அயோவாவின் வில்லியம்ஸ்பர்க்கில் கின்ஸி கம்பெனி ஆரம்ப காலத்தில் தன் சொந்தச் சட்டத்தில் டீரின் விதைப்பு யூனிட்டுகளையே வாங்கி மாட்டி விற்றது. போட்டிக்காரனே காசு கொடுத்து வாங்கி மாட்டினான் என்றால் அதற்கு மேல் நற்சான்று வேண்டுமா?

டிராக்டருக்குப் பின்னால் குறுக்கே ஒரு கனத்த சதுர இரும்புக் குழாய். அதில் முப்பது அங்குல இடைவெளியில் ஆறோ எட்டோ யூனிட்டுகள். ஒவ்வொரு யூனிட்டும் ஒரு வரிசைக்குப் பொறுப்பு. மேலே விதைப்பெட்டி, அதன் அடியில் விதையை எண்ணி விடும் மீட்டர், கீழே சால் போடும் தகடுகள், அவற்றை ஒட்டி ஆழச் சக்கரங்கள், பின்னால் சாலை மூடும் இரண்டு சாய்வுச் சக்கரங்கள். 7000-இன் பெரிய யோசனை இந்த ஆழச் சக்கரங்கள் இருக்கும் இடம். அதற்கு முந்திய கருவிகள் பலவற்றில் பின்னால் வரும் அழுத்துச் சக்கரம்தான் ஆழத்தையும் தீர்மானிக்கும். மேடு வந்தால் சக்கரம் ஏறும்போது விதை ஏற்கெனவே விழுந்திருக்கும், ஆழம் தவறியிருக்கும். இதில் விதை விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே சக்கரம் ஓடுகிறது. எங்கே அளக்க வேண்டுமோ அங்கேயே அளக்கிறது.

அதற்கும் முன்னால் இன்னொரு உலகம் இருந்தது. இல்லினாய்க்காரரான ஜார்ஜ் பிரவுன் 1853-இல் காப்புரிமை பெற்ற குதிரை பிளாண்டரில் ஒருவர் குதிரையை ஓட்டுவார், இன்னொருவர் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்து இழுத்து விதையை விடுவார். பிறகு வயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கம்பி கட்டி, அதில் சீரான தூரத்தில் இருக்கும் முடிச்சுகள் நெம்புகோலைத் தட்டிவிடும்படி செய்தார்கள். நெடுக்கிலும் குறுக்கிலும் வரிசை தப்பாத பயிர். எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் களையெடுக்கலாம். வரிசைக்கு வரிசை நாற்பது அங்குலத்துக்கும் மேல் விட்டிருந்தார்கள், குதிரை நுழைய வேண்டாமா? களைக்கொல்லி வந்தது, குதிரை போனது, கம்பி துருப்பிடித்தது. வரிசை மெல்ல மெல்ல முப்பது அங்குலத்துக்கு நெருங்கியது.

இனி மீட்டருக்கு வருவோம். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத, உள்ளங்கையை அகல விரித்தால் மூடிவிடக்கூடிய ஒரு சாமான். திறந்தால்தான் அதன் அழகு. ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு விரல்கள். தகரத்தில் வளைத்த, ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடித்த விரல்கள். அவற்றுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் வழவழப்பான ஒரு தகடு. சக்கரம் சுற்றுகையில் விரல்கள் கீழே விதைக் குவியலுக்குள் திறந்தபடி நுழைகின்றன. உள்ளே இருக்கும் ஒரு மேடு அவற்றைத் திறந்து வைத்திருக்கிறது. குவியலை விட்டு மேலேறும் நேரத்தில் மேடு முடிகிறது, ஸ்பிரிங் இழுக்கிறது, விரல் மூடுகிறது. விரலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மணி அகப்பட்டுக்கொள்கிறது. சில சமயம் இரண்டு, அபூர்வமாக மூன்று.

இங்கேதான் அந்த வடிவமைப்பாளனின் குறும்பு. விரல் ஏறும் பாதையில் தகட்டில் சின்னச் சின்னக் குழிவுகளைப் போட்டு வைத்திருக்கிறான். வழவழப்பான தகட்டில் வழுக்கி வந்த மணிகள் அந்த இடத்தில் ஒரு குலுங்கு குலுங்குகின்றன. நம்மூர் டவுன் பஸ்ஸில் படியில் தொங்குகிற இரண்டு பேரில் வேகத்தடை வந்ததும் பிடி சரியில்லாதவர் இறங்கிவிடுவதில்லையா, அதே கதை. பிடி நன்றாக அமைந்த மணி ஒன்று மிஞ்சும், மற்றது குவியலுக்கே திரும்பும். மிச்சம் மீதியைத் தட்டிவிட உச்சியில் ஒரு சின்னப் பிரஷ். பிறகு தகட்டில் ஒரு துளை. ஒற்றை மணி அந்தத் துளை வழியாக மறுபக்கம் போய் ஒரு ரப்பர் பெல்ட்டின் அறையில் விழுகிறது. மின்சாரம் இல்லை, காற்றழுத்தம் இல்லை. ஸ்பிரிங்கின் இழுப்பும் தகட்டின் குழிவும் பேசி வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் பொறுக்குகின்றன.

இதற்கு முந்திய தட்டு மீட்டர்களை நினைத்தால் இந்தப் பொறுக்கலின் அருமை தெரியும். அவற்றில் விளிம்பு நெடுகத் துளைகள் உள்ள ஒரு வட்டத் தட்டு பெட்டியின் அடியில் சுற்றும். துளைக்கு ஏற்ற அளவில் விதை இருந்தாக வேண்டும். அதனால் விதைக் கம்பெனிகள் மணிகளைச் சலித்துத் தட்டை, உருண்டை, சிறிது, பெரிது என்று பிரித்து, எந்தத் தட்டைப் போட வேண்டும் என்ற எண்ணை மூட்டையிலேயே அச்சிட்டு விற்றன. கதிரின் நடுவில் விளைந்தது தட்டை, அடியிலும் நுனியிலும் விளைந்தது உருண்டை. ஒரே கதிரில் பிறந்தவை வேறு வேறு மூட்டைக்குப் போகும். விரல் வந்ததும் அந்தக் கெடுபிடி தளர்ந்தது. முழுக்க இல்லாமல் போகவில்லை. பெரிய உருண்டை விரலிலிருந்து நழுவப் பார்க்கும், சின்னத் தட்டை ஜோடியாக ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர்.

பழசானால் என்ன ஆகும்? முதலில் தேய்வது அந்தக் குழிவின் ஓரங்கள்தான். வருஷா வருஷம் லட்சக்கணக்கான மணிகள் உரசி உரசி, விளிம்பு மழுங்கிக் குழிவு குழிவாகவே இல்லாமல் போகிறது. குலுக்கல் போனால் இரட்டைகள் இறங்காது. தகட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, கட்டை விரலை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். விரலில் தட்டினால் உயிர் இருக்கிறது. கண்ணைவிட விரல் நுனிக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அடுத்தது பெல்ட். ரப்பர் காய்ந்து, அறைச் சுவர்களில் முடி அளவு வெடிப்பு விட்டிருக்கும். புதிதை மாட்டுகையில் திசை பார்த்து மாட்ட வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் அது சமர்த்தாகச் சுற்றும், விதை மட்டும் நேரம் தப்பி விழும். பிரஷ்ஷின் மயிர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதா, துருப்பிடித்த ஸ்பிரிங் உண்டா, சக்கரத்தை இறுக்கும் நட்டு தளர்ந்ததா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் விரல்கள் தகட்டை அரைக்கும், தளர்ந்தால் மணியைத் தவறவிடும். மறுபடியும் அதே பக்குவம்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு தேக்கரண்டி கிராஃபைட் பொடி. பென்சில் முனையின் அதே கருப்பு. விதைப் பெட்டியில் தூவிக் கையால் கலந்துவிட்டால் விரலும் தகடும் மணியும் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும், ஆகவே பொடி. கலந்தவர் கை மாலை வரை கருப்பு. மருந்து பூசிய விதைக்கு ரப்பர் கையுறை போடச் சொல்லி மூட்டையில் பெரிதாக எழுதியிருக்கும். போடுபவர்களும் உண்டு.

குளிர்காலத்தில் மீட்டர்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, அவற்றைச் சோதிக்கும் மேடை வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். வயலில் ஓடும் வேகத்துக்கே மீட்டரைச் சுழற்றி, விழும் ஒவ்வொரு மணியையும் மின்கண் எண்ணும். நூற்றுக்கு எத்தனை ஒற்றை, எத்தனை இரட்டை, எத்தனை காலி என்று சீட்டு வரும். அப்படிச் சோதிக்கும் கருவிகளோடுதான் இல்லினாயின் டிரெமாண்ட் ஊரில் பிரிசிஷன் பிளாண்டிங் என்ற கம்பெனி 1993-இல் பிறந்தது. நன்றாகச் சீர் செய்த பழைய விரல் மீட்டர் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது வாங்கும். புத்தம் புது இயந்திரம் வைத்திருப்பவர் அந்தச் சீட்டைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுருக்குவதை ரசிக்கலாம்.

செயின்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரையில் உருளும் சக்கரத்திலிருந்தே மீட்டருக்கு ஓட்டம் வருவதால், நடுவில் எங்கே ஒரு கண்ணி இறுகி மடங்க மறுத்தாலும் மீட்டர் சுண்டிச் சுண்டிச் சுற்றும், விதையும் சுண்டிச் சுண்டி விழும். எண்ணெயில் ஊறப்போட்டும் மசியாத செயினைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். அதன் விலையைப் பார்த்து யோசிப்பவர் ஒரு மூட்டை விதையின் விலையைப் பார்க்கவில்லை. மூட்டைக்கு 80,000 மணி என்பது கணக்கு, விலையோ நூற்றுக்கணக்கான டாலர். சக்கரத்தின் டயரில் காற்று குறைந்தாலும் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் மாறும், ஏக்கருக்கு விழும் விதையும் மாறும். எல்லா டயரையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவருவது ஐந்து நிமிஷ வேலை. பலர் அதைத்தான் மறப்பார்கள்.

ஷெட்டில் குளிர்காலம் முழுக்கக் குடியிருந்த எலிகளையும் சொல்ல வேண்டும். போன வருஷம் பெட்டியில் பத்து மணி மிஞ்சியிருந்தால் போதும், மீட்டருக்குள்ளேயே சணல் நாரும் காகிதமும் திணித்துப் பேறுகாலம் பார்த்துவிட்டுப் போயிருக்கும். பழைய பிளாண்டருக்குப் பச்சையும் மஞ்சளுமாகப் புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்துபவர்கள் மேல் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. கிரீஸ் குமிழின் வாயையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். கண்காட்சிக்குச் சரி. எந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறதோ அந்த இடம்தான் எது எதனோடு உரசுகிறது என்று சொல்லும். அதை மூடிவிட்டால் இயந்திரம் ஊமை.

ஆழச் சக்கரத்துக்குக் கார்டு வேண்டாம், காது போதும். யூனிட்டைத் தரையிலிருந்து தூக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், அதன் ரப்பர் உதடு வட்டத் தகட்டின் முகத்தில் மெல்ல உரசும் ஓசை ஒரு முழுச் சுற்றுக்கும் சீராகக் கேட்க வேண்டும். ஓசையே இல்லை என்றால் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் காய்ந்த மேல்மண் புகுந்து, விதை இறங்கும் முன்னே சாலை நிரப்பிவிடும். கிரீச்சென்றால் இறுக்கம் அதிகம், மண்ணில் சக்கரம் சுற்றாமல் இழுபடும். இதற்கும் வாஷர்தான் மருந்து. சக்கரத்தைத் தாங்கும் கையின் புஷ் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் நிற்காது. முதலில் புஷ்ஷை மாற்ற வேண்டும்.

அந்த இரு சக்கரங்களுக்கும் நடுவில் ஒரு சிறு அசைவுக் கட்டை இருக்கிறது. யாரும் கவனிக்காத சாமான். ஒரு பக்கத்துச் சக்கரம் மண்கட்டியில் ஏறினால் கட்டை சாய்ந்து மற்றச் சக்கரத்தைக் கீழே அனுப்பும். யூனிட் முழுதாகத் தூக்கப்படாமல் கட்டியின் உயரத்தில் பாதிதான் மேலேறும். இரண்டு அங்குலக் கட்டி வந்தால் விதை ஓர் அங்குலம் மட்டுமே தப்பும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கும் இரும்புத் துண்டு. நான் முதலில் இதைப் பார்த்தபோது எத்தனையோ நேரம் இடது சக்கரத்தைக் கையால் தூக்குவதும் வலது இறங்குவதைப் பார்ப்பதுமாக நின்றிருந்தேன். பிளாண்டருக்குச் சொந்தக்காரர், எழுபதைத் தாண்டியவர், “போதும், அதற்கும் ஆயுசு உண்டு” என்றார்.

யூனிட்டைக் குழாயோடு பிணைப்பவை மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு இணைகரங்கள். பின்னால் போய் மூடு சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார் அவர். லேசான அசைவு பரவாயில்லை. வால் அங்கும் இங்கும் ஆடினால் புஷ்கள் போய்விட்டன. யூனிட் வயலில் குதிக்கும், மீட்டர் கச்சிதமாக எண்ணிக் கொடுத்த மணிகள் இடம் தப்பி விழும். பிறகு ஒரு சோதனை எனக்கு எல்லாவற்றிலும் அழகாகப் பட்டது. ஷெட்டின் சிமெண்ட் தரையில் பிளாண்டரை இறக்கி, டிராக்டரால் சில அடி முன்னே இழுக்கிறார்கள். வட்டத் தகடுகள் சிமெண்டில் வெள்ளையாக ஒரு கோடு கிழித்துப் போகின்றன. அந்தக் கோடு பின்னால் வரும் இரண்டு மூடு சக்கரங்களுக்கும் சரிநடுவே போகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும். ஒரு பக்கம் ஒதுங்கினால் வயலில் ஒரு சக்கரம் சாலின் மேலேயே ஓடும், மற்றது வெறும் மண்ணைத் தடவும், விதை திறந்து கிடக்கும். ஸ்பானரால் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, இன்னும் சில அடி இழுத்து இன்னொரு கோடு. தரை முழுக்க இப்படிப் பழைய வருஷங்களின் கோடுகள்.

மீட்டரிலிருந்து சாலுக்கு விதை இறங்கும் குழாயின் வளைவையும் பாராட்டியே ஆக வேண்டும். நேராக இல்லாமல் கீழே பின்னோக்கி வளைந்திருக்கும். டிராக்டர் முன்னே போகிறது, விதை பின்னோக்கி வெளியேறுகிறது. இரண்டு வேகமும் ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிட, மணி துள்ளாமல் சாலில் அமர்கிறது. அந்தக் குழாயின் நுனி, சுழலும் இரு தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. அதைக் காக்க முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு. தடுப்பு தேய்ந்தால் தகடு குழாயைச் சீவும். பிளாஸ்டிக் நுனி நார் நாராகச் சுருண்டு உட்பக்கம் மடங்கும். அந்த நாரில் பட்ட மணி தெறிக்கும். ஆறு வரிசைக்கு மீட்டர் சீர் செய்யச் செலவழித்துவிட்டு இந்த நாரைக் கவனிக்காதவர் உண்டு. விரலை உள்ளே விட்டுத் தடவினால் தெரிந்துவிடும். அப்படியே குழாயின் மின்கண்ணில் படிந்த தூசியைப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் துடைத்துவிடலாம். டிராக்டர் இருக்கைக்கு முன்னால் எந்த வரிசை விதைக்கவில்லை என்று விளக்குக் காட்டும் கருவி அந்தக் கண்ணை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு. முப்பது அங்குல வரிசையில் ஏக்கருக்கு 34,000 விதை என்றால் மணிக்கும் மணிக்கும் நடுவே 6 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் டிராக்டர் வினாடிக்கு 88 அங்குலம் போகிறது. அப்படியானால் ஒவ்வொரு மீட்டரும் வினாடிக்குப் பதினான்கு மணியைப் பொறுக்கி, குலுக்கி, ஒற்றையாக்கி, பெல்ட்டில் போட்டு, குழாயில் விட வேண்டும். பன்னிரண்டு விரல் சக்கரம் வினாடிக்கு ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுற்றுகிறது. ஆறு வரிசைக்குச் சேர்த்து வினாடிக்கு எண்பத்தைந்து மணி. இன்றைய புது இயந்திரங்கள் காற்றுறிஞ்சும் மீட்டரும் மின்மோட்டாரும் வைத்துக்கொண்டு இதைப்போல இரு மடங்கு வேகத்தில் ஓடுகின்றன. நிறைய நிலம் வைத்திருப்பவருக்கு அது தேவை. ஒரு பெல்ட் வாங்கும் காசில் பழுது பார்த்து முடிக்கிற சுகம் அதில் இல்லை.

இத்தனை நுணுக்கம் எதற்கு? மக்காச்சோளம் நெல்லைப்போலத் தூர் கட்டி இடைவெளியை நிரப்பும் பயிர் அல்ல. ஒரு விதை, ஒரு தண்டு, பெரும்பாலும் ஒரே கதிர். விட்டுப்போன இடம் விட்டுப்போனதுதான். அதைவிட மோசம் பிந்தி முளைப்பது. பக்கத்துச் செடியைவிட இரண்டு இலை பின்தங்கிய செடி வெயிலையும் தண்ணீரையும் பங்கு கேட்கும், கதிரோ பேருக்குத்தான் இருக்கும். கிட்டத்தட்டக் களை என்றே சொல்லலாம். ஆழம் ஒன்றானால் ஈரமும் சூடும் ஒன்றாகும், முளைப்பும் ஒன்றாகும். இரண்டு அங்குல ஆழத்தில் விதைத்தால் நிரந்தர வேர்கள் மேல்மட்டத்துக்கு முக்கால் அங்குலம் கீழே உருவாகி நன்றாக ஊன்றிக்கொள்ளும். ரொம்ப மேலாக விழுந்த விதையின் வேர் காய்ந்த மண்ணில் தடுமாறி, ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும்.

ஓக் மரத்து இலை அணிலின் காதளவு வந்தால் சோளத்தை ஊன்று என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது மண்ணில் வெப்பமானியைக் குத்தி ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட் வருகிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே நாளைத்தான் காட்டும். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரங்கள். அதற்குள் மார்ச்சின் பனி உருகிச் சேறாகக் கிடக்கும் நாட்களில்தான் மேலே சொன்ன வேலை அத்தனையும். வயலில் இறங்க முடியாத நாட்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை.

வயலில் இறங்கிய முதல் நாள் அந்தச் சொந்தக்காரர் நூறு அடி கூடப் போகவில்லை. நிறுத்திவிட்டு மண்டியிட்டு, பாக்கெட் கத்தியால் சாலைக் குறுக்காக அரிந்தார். முதலில் பார்த்தது விதையை அல்ல, சாலின் சுவரை. ஈரம் அதிகமான மண்ணில் தகடு தேய்த்துப் போனால் சுவர் பூசியதுபோலப் பளபளக்கும், வேர் அதைத் துளைக்காமல் சால் நெடுகவே ஓடும். பளபளப்பு இல்லை. சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு சின்ன அளவுகோலை வைத்தார். இரண்டு அங்குலம். வரிசை வரிசையாகப் போய் 17 அடி 5 அங்குலம் டேப் பிடித்துத் தோண்டினார். முப்பது அங்குல வரிசையில் அந்த நீளம் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆகவே முப்பத்து நாலு மணி கிடைத்தால் கணக்கு நேர். ஒன்றாம் வரிசை, இரண்டாம் வரிசை சரி. மூன்றில் மூடு சக்கரத்தின் அழுத்தத்தை ஒரு பல் குறைத்தார், மண் கொஞ்சம் அதிகமாக இறுகியிருந்தது. ஐந்தாவதில் நாலு இடத்தில் மணிகள் ஜோடியாகக் கிடந்தன. “இந்தத் தகட்டை நான் கட்டை விரலால் பார்த்தேன், இன்னொரு வருஷம் ஓடும் என்று விட்டேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியிலிருந்த விதையை வாளியில் கொட்டி, பெட்டியைக் கவிழ்த்து, அடியிலிருந்த மீட்டரைக் கழற்றினார். பிக்கப்பில் துணியில் சுற்றி வைத்திருந்த மாற்று மீட்டரை மாட்டி, வாளி விதையைத் திரும்பக் கொட்டி, ஒரு தேக்கரண்டி கிராஃபைட் தூவினார். ஆறாவதையும் தோண்டிப் பார்த்துவிட்டு, நாலரை மைல் வேகமே போதும் என்று சொல்லி டிராக்டரில் ஏறினார்.